முந்திரியும் திராட்சையும் நடுவே ஒரு முயலும்

பயம் வந்தால் சிலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எனக்கு அவிழ்ந்துவிடும். பெண் பார்க்கப் போன அன்று அது அவிழ்ந்த வேகத்தில் என் கல்யாணமே கைநழுவப் பார்த்தது.

அப்போது நான் ஓர் ஆய்வுக்கூடத்தில், சதை வளர்க்கும் ஸ்டீராய்டு ஊசி முயல்களின் உடம்பை என்ன செய்கிறது என்று பார்க்கும் வேலையில் இருந்தேன். (எம்.எஸ்சி. படித்துவிட்டு முயல் புழுக்கை அள்ளுகிறான் என்பது அப்பாவின் சுருக்கம்.) மீராவோடு முன்பே காப்பிக் கடையில் பேசி, இவள்தான் என்று மனத்துக்குள் தாலியே கட்டிவிட்டேன். பெரியவர்கள் தலையாட்டுவதுதான் பாக்கி. தேக்கா சந்தையில் பூவும் பழமும் வாங்கிக்கொண்டு பொங்கோலில் இருந்த மீரா வீட்டுக்குக் கிளம்பும்போதே அம்மா எச்சரித்தார்.

“வேலையக் கேட்டா ஆராய்ச்சின்னு மட்டும் சொல்லு. முயல் பேச்சே எடுக்காத.”

கேசரி வந்தது. எதிரே மீராவின் அண்ணன் குமரன், சட்டைக் கையில் அடங்காத புஜங்களோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி.

“லேப்ல என்ன ஆராய்ச்சி தம்பி?” என்றார் மீராவின் அப்பா.

அவ்வளவுதான். சதை ஏறுவதில் ஆரம்பித்துக் கல்லீரல் கெடுவதற்கு வந்தேன். யாருக்கும் புரியவில்லையோ என்ற கவலையில் (புரிந்துதான் தொலைத்தது) கேசரியிலிருந்து ஒரு முழு முந்திரியை எடுத்துக் காட்டினேன்.

“ஆண் முயலோட விதை இப்படி இருக்குன்னு வைங்க அங்கிள். ஊசி போட்டுக்கிட்டே இருந்தா...” முந்திரியை வைத்துவிட்டு ஒரு காய்ந்த திராட்சையை எடுத்தேன். “இப்படி ஆயிடும். அப்புறம் குட்டி பொறக்கறதே கஷ்டம் லா.”

மீராவின் அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். மீரா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். அழுகிறாள் என்று நினைத்தேன். “கலந்து பேசிட்டுச் சொல்றோம்” என்று வழியனுப்பினார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

லிஃப்ட் வருவதற்குள் குமரன் ஓடிவந்து என்னை மட்டும் படிக்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். அடி நிச்சயம் என்று கண்ணாடியைக் கழற்றினேன்.

“அந்த முயல்...” குரல் இறங்கியிருந்தது. “ஊசிய நிறுத்திட்டா திரும்பச் சரியாயிடுமா? எங்களுக்கு இன்னும் பிள்ளை இல்ல.”

“முக்காவாசி சரியாயிடும்ணே. ஆனா முயல் முதல்ல டாக்டரப் பாக்கணும்.”

“பாக்கும்” என்றார்.

மறுநாள் சம்மதம் வந்தது. வேண்டாம் என்ற தன் அப்பாவிடம் குமரன்தான் எனக்காக நின்றிருக்கிறார். மீரா சமையலறையில் சிரித்துச் சிரித்துப் புரையேறிக் கிடந்தாளாம். என் உளறலைப் பொறுத்துக்கொண்டு பெண்ணும் கொடுத்த அந்த வீட்டுக்கு நான் என்றும் நன்றியுள்ளவன். வாயில்லாத அந்த முயல்களுக்கும்.

மச்சானின் புஜங்கள் இப்போது சாதாரணச் சட்டைக்குள் அடங்குகின்றன. தன் மகளின் முதல் பிறந்தநாளில், அவளை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, மறு கையால் என் முன்னால் கேசரித் தட்டை வைத்தார். மேலே ஒரே ஒரு முழு முந்திரி.

“திராட்சைய எல்லாம் பொறுக்கிப் போட்டுட்டேன் மாப்ள. தைரியமா சாப்பிடு.”