புதுச்சேரி ரீஜியனுக்கு ஆள்

"இந்த ரீஜியனுக்கு ரிவ்யூவர் யார்?" என்று வெள்ளைக்கார அம்மா மூன்றாவது முறையாகக் கேட்டார்.

உத்திராபதி மூன்றாவது முறையாகப் படகுக்குழாம் நேர அட்டவணையை எடுத்து நீட்டினார்.

அந்த அம்மா அதைத் தள்ளிவிட்டுப் புகார்ப் புத்தகத்தைக் கேட்டார். அது மட்டும் தெளிவாகப் புரிந்தது.

கடற்கரையில் ஒரு கூட்டுறவுச் சங்கம் நடத்தும் தகவல் மையத்தில் அவர் வவுச்சர் ஊழியர். தலைமுடி கறுப்பாக இருந்தபோது சேர்ந்தார், இன்னும் தற்காலிகம்தான். ஒரு வருடத்துக்கு மேலாகச் சம்பளமும் வரவில்லை. ஆனாலும் தினமும் நீலச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டார். வராமல் நின்றால் வரவேண்டியதும் போய்விடும். புதன்கிழமை சங்கத்தின் எம்.டி. வந்து ஒரே ஓர் ஆளை நிரந்தரம் செய்யப் போகிறார். தன் மேல் புகார் எதுவும் இல்லாத ஆளை.

சம்பளம் நின்றுபோனது வீட்டில் சொர்ணத்துக்குத் தெரியாது. சர்க்கரை வியாதிக்கு வாக்கிங் என்று சொல்லிவிட்டு, உத்திராபதி விடிகாலையில் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்கினார். அந்தக் கூலியைச் சேர்த்து, மாதம் பிறந்ததும் கவரில் போட்டுச் சம்பளம் என்று கொடுத்தார். சொர்ணம் அதைக் கண்ணில் ஒற்றிச் சாமி படத்துக்கு முன்னால் வைப்பாள். கவரில் மீன் கவிச்சி அடிக்கும். சாமி ஒன்றும் சொன்னதில்லை.

"நடந்துட்டு வந்தா தோளு ஏங்க காச்சுப் போயிருக்குது?" என்று ஒருநாள் கேட்டாள்.

"கைய வேகமா வீசி நடக்கணும்னு டாக்டரு சொல்லியிருக்காரு."

துறைமுகத்தில் அவரைப் பார்த்துவிட்டவள் முதலியார்பேட்டை மார்க்கெட்டில் மீன் விற்கும் அமிர்தவல்லி. "சொர்ணத்துகிட்ட சொல்லிடாதக்கா" என்று கையெடுத்துக் கும்பிட்டிருந்தார். "நான் ஏன் தம்பி சொல்லப்போறேன்? என் வாயில மீனு வெலையத் தவுர வேற வராது" என்றிருந்தாள்.

அதனால் அந்தப் புகார் எழுதப்படக் கூடாது. உத்திராபதி நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க மதாம், மெதுவா சொல்லுங்க" என்றார்.

மதாமும் அவர் கணவரும் ஒரு விளையாட்டு விளையாடுகிறார்கள். ஒரு டப்பாவை எங்காவது ஒளித்துவைப்பது. அந்த இடத்தின் கணக்கை இன்டர்நெட்டில் போடுவது. முகம் தெரியாத யாரோ கையடக்க சாட்டிலைட் கருவியோடு வந்து அதைத் தேடிக் கண்டுபிடிப்பது. உலகம் பூராவும் நடக்கிறதாம். ஆனால் அந்தந்த ரீஜியனுக்கு ரிவ்யூவர் என்று ஒருவர் இருக்கிறார், அவர் சரிபார்த்து ஒப்புதல் தந்தால்தான் டப்பா இன்டர்நெட்டில் ஏறும். அவர் சொந்தப் பேரை வெளியிடுவதில்லை, புனைபெயர்தான். மெயில் போட்டால் பதில் இல்லை. புதன்கிழமை ராத்திரி இவர்களுக்கு விமானம்.

"அவருக்குச் சம்பளம் எவ்ளோ?" என்று உத்திராபதி கேட்டார்.

"சம்பளம் கிடையாது. தானாக முன்வந்து செய்கிறார்."

உத்திராபதி மானேஜர் புருஷோத்தமனிடம் ஓடினார்.

"ரீஜியன்னு சொன்னாங்களா?" என்றார் மானேஜர். "நமக்கு நாலு ரீஜியன். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம். அப்ப நாலு ஆபீசரு இருப்பாங்க. புதுச்சேரி ரீஜியன் ஆபீசரு இங்கதான உக்காந்திருக்கணும்? கூட்டினு போய்த் தேடு."

"சம்பளமில்லாத ஆபீசராம் சார்."

மானேஜர் மின்விசிறியைப் பார்த்தார். "அப்பிடியும் இருப்பாங்கய்யா" என்றார்.

தான் கூட இல்லாத நேரத்திலும் தேடட்டும் என்று உத்திராபதி மதாமுக்கு ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்தார். மதாம் அதைப் பாடமாகப் படித்தார். "சம்பலம் வாங்காம வேலே பாக்குறவரு யாரு?"

முதலில் போன அரசு அலுவலகத்தில் மதாம் அதைச் சொன்னதும் மொத்த செக்‌ஷனும் எழுந்து நின்று பார்த்தது. ஒரு கிளார்க், "இந்த ஆபீசுல வேல பாக்கறவரே கெடையாதும்மா" என்றார். இன்னொருவர் விவரமானவர், விஷயம் முழுவதையும் கேட்டுக்கொண்டார். "பொட்டிய எங்க ஒளிச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

ரெட்டியார்பாளையம் தாண்டி, விழுப்புரம் ரோட்டோரப் புளியமரத்தடியில் என்று மதாம் வரைபடத்தில் பெருமையாகக் காட்டினார். அந்த ரோட்டில் ஒளித்துவைத்த பெட்டி என்றால் அது தமிழ்நாட்டுக்குக் கடத்தும் சரக்குதான் என்பது ஊருக்கே தெரியும். அந்த விவரமானவர் போனை எடுத்தார்.

இவர்கள் புளியமரத்தடிக்குப் போய்ச் சேரும்போது கான்ஸ்டபிள் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு பொம்மைக் கார், ஒரு பென்சில், ஒரு தாள் சுருள்.

"பாட்டிலு எங்கய்யா?"

"பாட்டிலு இல்ல சார்."

"குடிச்சிட்டீங்களா?"

"இது வெளையாட்டு சார். யாராவது வந்து கண்டுபுடிப்பாங்க."

"கண்டுபுடிச்சா என்னா கெடைக்கும்?"

"பேர எழுதிட்டு அங்கயே வெச்சிட்டுப் போயிடணும்."

கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "இதுக்கு பெர்மிஷன் யாரு குடுக்கறது?"

"அவரத்தான் தேடறோம் சார். சம்பளம் வாங்காம பாக்கறாராம்."

"யோவ், பொய் சொல்றதுன்னா நம்பற மாதிரி சொல்லு."

டப்பா ஸ்டேஷனுக்குப் போனது. உத்திராபதியின் பேரும் விலாசமும் கூடவே போயின. மதாமுக்குக் கண் கலங்கிவிட்டது. டப்பாவே இல்லையென்றால் அந்த ஆள் எதைச் சரிபார்ப்பார்? அழுகிற மதாம் புகார்ப் புத்தகத்தைத்தான் தேடுவார் என்று பயந்து, உத்திராபதி தன் எவர்சில்வர் டிபன் பாக்ஸைக் கழுவித் துடைத்துக் கொடுத்தார். கணவர் இன்னொரு பென்சிலைப் போட்டு, அதைப் புளியமரப் பொந்தில் செருகினார்.

"டிபன் பாக்ஸ் எங்கங்க?" என்றாள் சொர்ணம்.

"ஆபீசுல பரிசோதனைக்கு எடுத்திருக்காங்க."

"என் தயிர்சாதத்தயா?"

மறுநாள் மானேஜரே ஒரு யோசனை சொன்னார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற அந்துவான் கிழவருக்கு ஊரில் தெரியாதவர் இல்லை, போய்க் கேள் என்றார். கடற்கரைக்குப் பின்தெருவில் கிழவர் லுங்கியும் பனியனுமாகப் பெரிய வீட்டில் இருந்தார். மதாம் தன் வாக்கியத்தைச் சொன்னார். கிழவர் சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்பனே, நீ தப்பான வூட்டுக்கு வந்துட்ட. நாங்க சொல்தாங்க, பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரங்க. வேல பாக்காம பிரான்சுலேந்து பென்ஷன் வாங்கறவங்க. நீ தேடற ஆளு எங்களுக்கு நேர் எதிரு."

"அப்பிடி யாரயாவது தெரியுமா மிசியே?"

கிழவர் உத்திராபதியின் தேய்ந்த செருப்பைப் பார்த்தார். பிறகு நீலச் சட்டையைப் பார்த்தார். "நீ எங்க வேல பாக்கற?"

"தகவல் மையத்துல."

"ஓ" என்றார் கிழவர். எல்லோருக்கும் கேக் கொடுத்தார். உத்திராபதிக்கு மட்டும் இரண்டு துண்டு வைத்து, "சாப்புடு, சாப்புடு" என்றார். பெரிய வீட்டுக்காரர்களுக்கு மரியாதை தெரிகிறது என்று உத்திராபதி நினைத்துக்கொண்டார்.

புதன்கிழமை காலை மதாமையும் கணவரையும் முதலியார்பேட்டை மார்க்கெட்டுப் பக்கம் இறக்கிவிட்டு, "இங்க நாலு பேர விசாரிங்க, மத்தியானம் வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு உத்திராபதி எம்.டி.யைப் பார்க்க ஓடினார்.

எம்.டி. வந்து போயிருந்தார். மானேஜர் மட்டும் மீந்துபோன பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தார்.

"புகாரு ஒண்ணும் வரல, சந்தோஷம்" என்றார். "ஆனா போலீசு ஸ்டேஷன்லேந்து போன் வந்துதேய்யா. சரக்குப் பொட்டி கேசுல பேரு இருக்கறவன எப்பிடி பெர்மனென்ட் பண்றது?"

"நீங்கதான சார் கூட்டினு போகச் சொன்னீங்க."

"நான் ஆபீசரத் தேடச் சொன்னேன். போலீசத் தேடச் சொன்னனா?"

"பாக்கிச் சம்பளம் சார்?"

"அது வரும். நீ எப்பவும்போல வேலைக்கு வா."

"சரி சார்" என்றார் உத்திராபதி. கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

மார்க்கெட்டில் வெள்ளைக்காரர்களைக் காணவில்லை. அமிர்தவல்லியின் மீன் பலகையும் காலியாகக் கிடந்தது. தேடித் தேடிக் கால் ஓய்ந்து, வழியெல்லாம் சொர்ணத்திடம் சொல்ல ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டே வீட்டுக்கு நடந்தார். நிரந்தரம் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது, சம்பளம் எப்போதும்போல வரும். சொல்லிப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது.

வாசலில் இரண்டு ஜோடி பெரிய பூட்ஸ்கள் கிடந்தன. அவற்றின் பக்கத்தில் அமிர்தவல்லி மீன்கூடையோடு குந்தியிருந்தாள்.

உள்ளே பாயில் மதாமும் கணவரும் சம்மணம் போட்டு உட்கார்ந்து மீன்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சொர்ணம் பரிமாறிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்துவிட்டு, இன்னொரு தட்டை எடுத்து வைத்தாள்.

மதாம் துள்ளி எழுந்தார். குழம்புக் கையோடு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நீங்கள்தானா! இத்தனை நாளும் எங்களோடேயே சுற்றிவிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லையே! ரிவ்யூவர் பேரை வெளியே சொல்லக் கூடாது என்று கட்டுப்பாடா?"

உத்திராபதி வாசல் பக்கம் திரும்பி, "என்னாக்கா இது?" என்றார்.

அமிர்தவல்லி சும்மாட்டை உதறித் தலையில் வைத்துக்கொண்டே எழுந்தாள்.

"நான் வாயத் தொறக்கல தம்பி, கடலு மேல சத்தியம். சம்பளம் வாங்காம வேல பாக்கறவரு யாருன்னு இந்தம்மா மார்க்கெட்டு பூரா கேட்டுனு வந்துது. மீனு வாங்கினு நின்ன சொர்ணந்தான் 'அது எங்க வூட்டுக்காரருதான்'னு கையப் புடிச்சிக் கூட்டியாந்துட்டா."