ப்ராஜெக்ட் அக்கா

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, பிறகு வெகுகாலம் சும்மா இருந்துவிட்டு எங்கள் அலுவலகத்துக்காக நேரப் பதிவுக் கருவியைக் கண்டுபிடித்தது.

இரண்டு நாள் கருத்தரங்கு ஒன்றுக்குப் போன எங்கள் மேனேஜர், திரும்பும்போது அதைக் கொண்டுவந்தார். படம் கிடையாது, பொத்தான் கிடையாது. கறுப்புத் திரை, அதில் கண் சிமிட்டும் ஒரு கோடு, அவ்வளவுதான். வேலையை ஆரம்பிக்கும்போது 'ஸ்டார்ட்' என்று தட்டி ப்ராஜெக்ட்டின் பெயரைத் தட்ட வேண்டும். முடிக்கும்போது 'ஸ்டாப்'. மாதக் கடைசியில் யார், எதற்கு, எத்தனை மணி நேரம் உழைத்தார்கள் என்று அதுவே பட்டை பட்டையாக அட்டவணை போட்டுவிடும். அதுவரை நாங்கள் மூன்றாவது மாடியில் ஒரே அறையில் உட்கார்ந்து நூலகங்களுக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தோம். வேலை செய்கிறோம் என்பதற்கு வேலையைத் தவிர வேறு ஆதாரம் எங்களிடம் இல்லை.

முதல் மாதமே கருவி ஒரு மாவீரரை அடையாளம் காட்டியது. டிசைனர் வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்கு 'ஸ்டாப்' தட்ட மறந்து கிளம்பிப் போய், திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குத்தான் திரும்பியிருந்தார். அறுபத்து நான்கு மணி நேர இடைவிடாத 'உழைப்பு'. மேனேஜர் அவரைக் கூட்டத்தில் எழுந்து நிற்க வைத்துப் பாராட்டினார். அந்த இரண்டு நாளும் மச்சான் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்ததாக டிசைனர் ஒப்புக்கொண்டார். அந்தத் தன்னடக்கமும் பாராட்டப்பட்டது.

"என் நேரம் சார்" என்றார் டிசைனர், நொந்துபோய்.

"உங்க நேரமேதான். அதான் கருவியே சொல்லுதே."

அதே கூட்டத்தில் அக்காவும் விசாரிக்கப்பட்டார். அக்கா எங்கள் டெஸ்டர். நாங்கள் எழுதும் மென்பொருளில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. ஓட்டை விழாமல் எழுதுவது எப்படி என்று எங்கள் நாற்காலிகளுக்குப் பின்னால் நின்று சொல்லிக்கொடுப்பது, அவர் வேலையாக எங்கும் எழுதப்படாத வேலை. "அக்கா, ஒரு நிமிஷம்" என்று யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்போம். அந்த நிமிடம் ஒருபோதும் ஒரு நிமிடமாக இருந்ததில்லை. அட்டவணையில் எங்கள் பட்டைகளெல்லாம் மாடிக் கட்டடம் போல நிற்க, அவருடையது மட்டும் வாசல்படி உயரத்தில் இருந்தது. அறுபத்தொரு மணி நேரத்தைக் காணவில்லை.

அந்த நேரமெல்லாம் எங்கே போனது என்று மேனேஜர் வருத்தத்தோடு கேட்டார்.

"இவங்க எல்லார்கிட்டயும் இருக்கு சார்" என்றார் அக்கா.

நாங்கள் பத்துப் பேரும் உடனே எங்கள் மடிக்கணினிகளில் மிக முக்கியமான எதையோ தேடினோம்.

மறுநாள் முதல் அக்கா கருவிக்குக் கட்டுப்பட்டார். யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்குமுன், எந்த ப்ராஜெக்ட்டில் தட்டட்டும் என்று பணிவாகக் கேட்டார். ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் இத்தனை மணி நேரம்தான் என்று மேனேஜர் வரம்பு வைத்திருந்தார். அக்காவின் நேரமும் சேர்ந்தால் வரம்பு தாண்டிவிடும். எனவே, பரவாயில்லை, நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று பெருந்தன்மையோடு சொன்னோம். பார்த்தும் கொண்டோம். நான் பார்த்துக்கொண்ட லட்சணத்தில், ஒரு நூலகத்தில் வாசகர்கள் திருப்பித் தந்த புத்தகமெல்லாம் தராத புத்தகமாகக் காட்டத் தொடங்கியது. ஒரே காலையில் நானூறு பேருக்கு எச்சரிக்கைக் கடிதம் போய்விட்டது. அதில் ஒருவர் அந்த நூலகத்தின் நூலகர்.

அவர் போனில் பேசிய பேச்சைக் கேட்டு எழுந்த மேனேஜர், நேராக அக்காவின் மேசைக்கு வந்தார். அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. அக்காவுக்கு முப்பத்தெட்டு.

"அக்கா, ஒரு நிமிஷம்."

"எதுல சார் தட்டறது? நூலக ப்ராஜெக்ட்ல மணி நேரம் தீந்துபோச்சு."

மேனேஜர் யோசித்தார். பிறகு சற்றும் தயங்காமல், வரம்பே இல்லாத ஒரு புது ப்ராஜெக்ட்டை உருவாக்கினார். அவசரத்தில் வேறு பெயர் தோன்றாததால் 'அக்கா' என்றே பெயர் வைத்தார்.

அந்த மாதம் எங்கள் அலுவலகத்தின் பொற்காலம். சாயங்காலத்துக்குள் நூலகம் சரியாயிற்று. அதன்பிறகு நாங்கள் ஆளாளுக்கு 'ஸ்டார்ட் அக்கா' என்று தட்டிவிட்டு அவரிடம் போனோம். கேட்கக் கூச்சப்பட்டவர்களும் கேட்டார்கள். எதுவும் உடையவில்லை. எந்த நூலகரும் போன் செய்யவில்லை. அக்கா ஒருநாள் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பன்னிரண்டு வருஷத்தில் இப்போதுதான் தான் வேலை செய்வது தனக்கே தெரிகிறது என்று சொல்லிச் சிரித்தார்.

மாதக் கடைசியில் அட்டவணை வந்தது. இருப்பதிலேயே உயரமான பட்டை 'அக்கா'. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இவ்வளவு நேரம் முழுங்கியிருக்கு. இந்த ப்ராஜெக்ட்டுக்கு வாடிக்கையாளர் யாரு?"

யாரும் இல்லை. யாருமே கேட்காத ஒரு வேலைக்கு அலுவலகத்தின் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு போகிறது என்பதைக் கருவி வெட்ட வெளிச்சமாக்கியிருந்தது. இதை உடனே மூடிவிடலாம் என்றார் மேனேஜர்.

"மூடிட்டா நான் என்ன பண்றது சார்?" என்றார் அக்கா.

"உங்கள யாரும்மா சொன்னா? நான் ப்ராஜெக்ட்டச் சொன்னேன்."

யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று மேனேஜர் முறைப்படி கேட்டார். அக்கா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அவசரமே இல்லாமல், பத்துப் பேரையும் பார்த்தார். இரண்டு வாரத்தில் வேறு அலுவலகத்துக்குப் போய்விட்டார்.

கருவி பொய் சொல்லாது என்பதை இப்போதும் நான் அடித்துச் சொல்வேன். அந்தக் கூட்டத்தின் பதிவு அப்படியே இருக்கிறது. அவர் பார்க்க, நாங்கள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தது இரண்டு நிமிடம். பத்துப் பேரும் அதை வேலை செய்த நேரம் என்றே பதிந்திருக்கிறோம்.