நிறைகிண்ணக் கோட்பாடு

ஆங்கில இலக்கியத்தில் ஆய்வு முதுகலை செய்கிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. பரீட்சை எழுதித் தேறும் சாதாரண முதுகலை இல்லை ஐயா, அதை ஊரில் எல்லாரும்தான் செய்கிறார்கள். இது ஆய்வு. பரீட்சை கிடையாது, வகுப்பு கிடையாது, முடிவும் கிடையாது. எங்களை (ஆமாம், எங்களைத்தான், நானும் அந்தக் கூட்டம்தான்) கிர்கிஸ் தலைநகர் பிஷ்கெக்கில் எந்த விருந்திலும் சுலபமாக அடையாளம் காணலாம். "என்னம்மா படிக்கிற?" என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்ட ஒரு மனிதர், தட்டிலுள்ள ஆட்டுக்கறி ஆறி, கொழுப்பு உறைந்து வெள்ளையாகும் வரை தலையாட்டிக்கொண்டிருந்தால், அவர் எதிரில் உட்கார்ந்திருப்பது எங்கள் ஆள். ஆய்வேடு எப்போது முடியும் என்று மட்டும் கேட்காதீர்கள். ஒரு அத்தியாயம்தான் பாக்கி. எந்த வருஷம் கேட்டாலும் ஒன்றுதான் பாக்கி.

இந்த இனத்துக்கு ஒரு நல்ல மாதிரி வேண்டுமென்றால் கனிஷாயைச் சொல்லலாம். அண்ணன் வீட்டில் வெளிச்சமான பெரிய அறையில் அவளும் அவளுடைய ஜெராக்ஸ் கட்டுகளும் குடியிருந்தார்கள். அண்ணன் பிள்ளைகள் இருவரும் கூடத்து சோபாவில் ஆளுக்கொரு பக்கம் தலைவைத்துப் படுத்தார்கள். "அத்தை படிச்சு முடிச்சதும் அந்த ரூம் உங்களுக்குத்தான்டா" என்று அண்ணி ஜுமாகுல் அவர்களுக்கு வாக்குக் கொடுத்தபோது மூத்தவனுக்குப் பால்பல் விழவில்லை. இப்போது அவன் அப்பாவின் ஷூவை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறான்.

புகுந்த வீட்டாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது எங்களில் மரியாதை இல்லை. அதனால் ஜுமாகுல் நாத்தனாருக்குப் 'புத்தகராணி' என்று பெயர் வைத்திருந்தாள். முதல் வருஷம் அதில் பெருமைதான் இருந்தது. போகப் போக அந்த 'ராணி'யில் ஒரு அழுத்தம் விழ ஆரம்பித்தது.

ராணி தினமும் காலையில் எழுத உட்காருவாள். உட்கார்ந்ததும் மேஜை அழுக்காகத் தெரியும், துடைப்பாள். பென்சில் மொட்டையாகத் தெரியும், சீவுவாள். எழுதுவதற்கு முன் ஒரே ஒரு கட்டுரை படித்துவிடலாம் என்று எடுப்பாள், அதன் அடிக்குறிப்பு இன்னொரு கட்டுரையைக் கைகாட்டும், அது ஒரு தடித்த புத்தகத்தைக் கைகாட்டும், சாயங்காலம் பார்த்தால் ஏதோ ஒரு துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிக்கு எப்படி ஆணி அடித்தார்கள் என்று படித்துக்கொண்டிருப்பாள். "என்ன எழுதினே?" என்று அண்ணன் கேட்டால், "எழுதறதுக்கு ரெடியாயிட்டேண்ணா" என்பாள். சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிடும்.

தலைப்பு, பழைய ஆங்கில நாவல்களில் தேநீர். அதில் அவள் கண்டுபிடித்தது சாமானியமா? அந்த நாவல்களில் சீமாட்டிகள் வருகிறவர்களுக்கெல்லாம் கோப்பையை நிறைத்துக் கொடுக்கிறார்கள். பாதிரியாருக்கு நிறைய, அத்தைக்கு நிறைய, காதலனுக்கும் நிறைய! நம் கிர்கிஸ் வீடுகளில் பிரியமான விருந்தாளிக்கு எவ்வளவு ஊற்றுவோம்? கிண்ணத்தின் அடியில் கொஞ்சம். குடிக்கக் குடிக்க மறுபடி கொஞ்சம், மறுபடி கொஞ்சம். விளிம்பு வரை ஊற்றிக் கொடுத்தால் என்ன அர்த்தம்? குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று அர்த்தம். ஆக, அந்த ஆங்கில வரவேற்பறைகளில் இனிக்க இனிக்கப் பேசிக்கொண்டே ஒருத்தரை ஒருத்தர் ஓயாமல் வெளியே துரத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று கனிஷாய் முடிவு கட்டினாள். அதற்கு நிறைகிண்ணக் கோட்பாடு என்று பெயரும் வைத்தாள்.

அவளுடைய ஆய்வு வழிகாட்டி தமாரா அக்கா படித்துவிட்டு நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். "அடி கனிஷாய், இத்தனை வருஷமா இதே நாவலைத்தான் பாடம் நடத்தறேன், எனக்கு இது தோணலையே! கல்யாணம் பேச வந்தவனுக்கு முழுக் கப்பு ஊத்தறா, அவனும் வெட்கமில்லாம உக்காந்து குடிக்கிறான் பாரு!" துறையில் ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? எல்லாரும் அதே மாதிரி தேநீர் குடித்து வளர்ந்தவர்கள்தானே.

ஆனால் துறைக்கும் பொறுமை தீர்ந்தது. "இந்த வசந்தத்துல குடுக்கலைன்னா பேரை அடிச்சிடுவாங்க. நானும் எவ்வளவு நாள்தான் முட்டுக் குடுப்பேன்?" என்றார் தமாரா அக்கா. ஆய்வேட்டை மதிப்பிட, இங்கிலாந்திலிருந்து பாடம் நடத்த வந்திருந்த ஹிலரி அம்மையாரைக் கேட்டிருந்தார்கள். ஆய்வேட்டுக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கனிஷாய் அவருடைய வீட்டுக்குப் போனாள்.

ஹிலரி சிரித்த முகமாக வரவேற்றார், உட்கார வைத்தார், கோப்பையில் ததும்பத் ததும்பத் தேநீர் ஊற்றி நீட்டினார்.

கனிஷாய் கோப்பையின் விளிம்பையே பார்த்தாள். இன்னும் ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை, அதற்குள்ளேயே துரத்துகிறாளே! அவளும் மானமுள்ள வீட்டுப் பெண்தான். கொதிக்கக் கொதிக்க ஒரே மூச்சில் குடித்து, நாக்கு வெந்துபோக, ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து கோட்டை மாட்டினாள்.

"ஐயோ, எங்க கெளம்பிட்டீங்க? கேக்கே இன்னும் வெட்டலையே!"

"நீங்கதானே போகச் சொன்னீங்க."

"நானா? எப்போ?"

கனிஷாய் கோப்பையைக் காட்டினாள். பிறகு விளக்கினாள். நிறைகிண்ணக் கோட்பாடு முழுவதையும் நின்றபடியே விளக்கினாள். ஹிலரி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மாடி, அது வெறும் டீ. கப்பு நிறைய ஊத்தறதுதான் எங்க ஊர்ல உபசாரம். பாதி ஊத்தினா கஞ்சப் பிசினாரின்னு பேசுவாங்க."

கனிஷாய் கோட்டோடு உட்கார்ந்தாள். இத்தனை வருஷ ஆய்வில் ஓர் ஆங்கிலேயரைக் கேட்போம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கேட்பதெல்லாம் ஓர் ஆய்வா? படிப்பதுதான் ஆய்வு. அவமானத்தில் காது சிவந்தது. அழுகையும் வந்தது.

ஹிலரி நல்ல மனுஷி. அங்கேயே ஆய்வேட்டைப் புரட்டிப் பார்த்தார். "தேயிலை வியாபாரம், சமையல்காரங்க பத்தினதெல்லாம் நல்லாவே இருக்கு. இந்தத் துரத்தற சமாச்சாரத்தை மட்டும் எடுத்துட்டுக் குடுங்க. பாஸ் போட்டுடலாம்" என்றார்.

பார்த்தீர்களா? கதவு திறந்துவிட்டது. வேண்டாததைக் கிழித்துப் போட்டால் பட்டம் கையில், அறை பிள்ளைகளுக்கு. வேறு எந்த இனமாக இருந்தாலும் அந்தக் கதவு வழியாக ஓடியிருக்கும்.

கனிஷாய்க்கு மினிபஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரும்போதே மூளையில் பொறி தட்டியது. தப்பை ஏன் எடுக்க வேண்டும்? அந்தத் தப்பையே ஆய்வு செய்தால் என்ன? 'ஆங்கிலக் கோப்பையைக் கிர்கிஸ் வாசகி தப்பாகப் படித்த வரலாறு!' தமாரா அக்கா தலையில் அடித்துக்கொண்டார், அப்புறம் துறையின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, இன்னும் ஒரு வருஷம் வாங்கிக் கொடுத்தார்.

"மத்தவங்க தப்புப் பண்ணா அழிப்பாங்க, நான் அதுக்குத் தலைப்பு வெச்சிருக்கேன்" என்று அன்று சாப்பாட்டின்போது கனிஷாய் சிரித்துக்கொண்டே அறிவித்தாள். "புது அத்தியாயம் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி!"

அண்ணன் மெல்லுவதை நிறுத்தினான். பிள்ளைகள் சோபாவைப் பார்த்தார்கள். ஜுமாகுல் கெண்டியை எடுத்து நாத்தனாரின் கிண்ணத்தில் தேநீர் ஊற்றினாள். கால் கிண்ணம் வந்தது, கை நிற்கவில்லை. பாதி வந்தது, நிற்கவில்லை. விளிம்பு தொட்டு, இன்னும் ஒரு சொட்டு விழுந்தால் வழியும் என்கிற வரை ஊற்றி, இரண்டு கையாலும் பவ்யமாக அவள் முன்னால் வைத்தாள்.

"குடிங்க, புத்தகராணி. சூடு ஆறறதுக்குள்ள."

கனிஷாய்க்கு நெஞ்சில் சுருக்கென்றது. கண்கூட லேசாகக் கலங்கியது. ஆனால் பாருங்கள், இத்தனை வருஷ ஆய்வு வீண்போகவில்லை. "அடேடே, அண்ணி! இங்கிலீஷ்காரங்க மாதிரி உபசாரம் பண்ணக் கத்துக்கிட்டீங்களா!" என்று கிண்ணத்தைச் சிந்தாமல் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, பென்சிலைச் சீவ உட்கார்ந்தாள்.

அதிருக்கட்டும். நீங்களும் ஏதோ முடிக்க வேண்டியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தீர்களே, அது எந்த அளவில் இருக்கிறது? உங்கள் வீட்டில் இப்போதெல்லாம் உங்களுக்கு எவ்வளவு ஊற்றுகிறார்கள்? நிறையவா? பிரியத்தில்தான் இருக்கும். நன்றாகக் குடியுங்கள்.