டைம்டேபிள் அக்கா போட்ட பொருட்காட்சித் திட்டம்

குற்றாலத்துச் சாரலே டைம்டேபிள் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் விழும் என்று நான் கொஞ்ச காலம் மெய்யாகவே நம்பியிருந்தேன்.

தென்காசியில் வேலை பார்க்கும் பெண்களுக்கான விடுதி ஒன்றில் நாங்கள் மூன்று பேர் ஒரே அறையில் இருந்தோம். நான் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். கீழப்பாவூர்க்காரி கனிக்கு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துக் காட்டும் வேலை. அக்காவுக்கு ஊர் கடையம். ஒரு ஸ்கேன் சென்டரில் வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுப்பாள். எங்களைவிட நாலு வயதுதான் மூத்தவள். ஆனாலும் விடுதி முழுவதற்கும் அவள் அக்காதான். அறுபதை நெருங்கிய சமையல்காரம்மாவும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

பகலெல்லாம் டோக்கன் கொடுத்துப் பழகிய கை விடுதிக்கு வந்தாலும் சும்மா இருக்காது. குளியலறைக்கு டோக்கன், இஸ்திரிப் பெட்டிக்கு டோக்கன். ஒருநாள் காலையில் வார்டனே துண்டும் சோப்புமாக வந்து குளியலறைக் கதவைத் தட்டினார்.

"மேடம், உங்க நம்பர் ஆறு. இப்ப மூணாம் நம்பர்தான் உள்ள நிக்கி. போயி ஒரு காப்பி குடிச்சிட்டு வாங்க" என்றாள் அக்கா.

வார்டன் போய்க் காப்பி குடித்துவிட்டு வந்தார்.

அவள் போனில் பதினாலு அலாரம் உண்டு. ஆறேகாலுக்கு ஒன்று, ஆறு இருபதுக்கு ஒன்று. "ரெண்டு எதுக்குக்கா?" என்று கேட்டேன். "மொத அலாரம் எந்திரிக்க. ரெண்டாவது, எந்திரிச்சுட்டோமான்னு பாக்க" என்றாள்.

அந்த வருஷம் சீசன் நன்றாக இருந்தது. குற்றாலத்தில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு மூன்று பேருக்கும் சேர்ந்தாற்போல் விடுமுறை அமைந்தது. கனிக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை ராணுவத்தில் இருந்தார். கல்யாணம் முடிந்த கையோடு பஞ்சாபுக்குக் கூட்டிப் போய்விடுவார். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்துக்கு நடுவே கெஞ்சி வாங்கிய அந்த ஒரு ஞாயிறுதான் அவள் எங்களோடு இருக்கப்போகும் கடைசி விடுமுறை.

"இத்தன வருசம் இங்கனயே கெடந்தும் நான் ராட்டினத்துல ஏறுனதே இல்லக்கா" என்றாள் கனி. "வீட்டுல வேன் புடிச்சு முப்பது பேரு குத்தாலம் போவோம். எனக்குப் பாத்திரம் கழுவவே நேரம் சரியா இருக்கும்."

அக்கா பேனாவைத் திறந்தாள். "எங்கிட்ட விட்டுரு."

அடுத்த ஒரு வாரம் எங்கள் அறை ராணுவத் தலைமையகம் மாதிரி இருந்தது. புதன்கிழமை வேலை முடிந்ததும் அவள் தனியாகப் பொருட்காட்சிக்குப் போய் உளவு பார்த்துவிட்டு வந்தாள். எந்தக் கடையில் எண்ணெய் புதுசு, எந்தக் கடை பஜ்ஜியில் மிளகாய் இருக்கிறது, எந்தக் கடை பஜ்ஜியில் வெறும் மாவுதான் இருக்கிறது என்றெல்லாம் கணக்கெடுத்திருந்தாள். "ராட்டினக்காரன் கூட்டம் கம்மின்னா ஒம்பது சுத்து விடுதான். கூட்டம் ஏறுனா ஆறுதான். நாலரை மணிக்குள்ள ஏறிரணும்" என்றாள்.

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் திட்டம் தயாரானது. காலையில் அருவி, மத்தியானம் சாப்பாடு, மூன்று மணிக்குப் பொருட்காட்சி. அதில் மூன்று நாற்பதிலிருந்து மூன்று நாற்பத்தைந்து வரை 'வாயைப் பிளத்தல்' என்று எழுதியிருந்தது.

"இது என்னக்கா?"

"மரணக்கிணத்துல பைக்கு சுத்தும்போது வாயப் பொளந்துதான நிப்பிய? அஞ்சு நிமிசம் போதும்."

சனிக்கிழமை மொட்டை மாடியில் ஒத்திகையும் நடந்தது. "கூட்டத்துல ஆளு பிரிஞ்சுட்டா என்ன செய்யணும்?" என்று கேட்டாள். "கத்தணும்" என்றேன். "தப்பு. டெல்லி அப்பளக் கடை முன்னால போயி நிக்கணும். எப்படியும் எல்லாரும் அங்கனதான் வருவோம்."

ஞாயிறு காலை, சொன்ன நிமிஷத்துக்குப் பஸ் ஏறினோம். சொன்ன நிமிஷத்துக்கு அருவிக்கரையில் இறங்கினோம். அதோடு திட்டம் முடிந்தது.

மலையில் பெய்த மழையில் தண்ணீர் அருவிக்கு முன்னால் இருக்கும் பாலத்தைத் தொட்டுக்கொண்டு போனது. குளிக்கக் கூடாது என்று கயிறு கட்டியிருந்தார்கள். அக்கா நேராகக் காவலரிடம் போய்த் தாளை நீட்டினாள். "சார், எங்களுக்கு ஒம்பது நாப்பதுலருந்து பத்தே கால் வரைக்கும் குளியல்."

அவர் தாளை வாங்கி மேலிருந்து கீழ்வரை பொறுமையாகப் படித்தார். "நல்லாத்தாம்மா போட்டிருக்க. அருவிகிட்ட காட்டுனியா?"

திரும்பிய அக்கா, ஆத்திரத்தில் தாளைக் காற்றில் ஆட்டி ஆட்டிப் பேசினாள். அதைத் தின்பண்டம் என்று நினைத்த ஒரு குரங்கு மேலேயிருந்து இறங்கி, வெடுக்கென்று பறித்துக்கொண்டு மரத்தில் ஏறியது. முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தது. பிறகு காலை ஒன்பதிலிருந்து மாலை ஏழு வரை மொத்தத்தையும் கிழித்து வாயில் போட்டுக்கொண்டது.

"அந்தத் தாள போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சிருக்கலாம்லாக்கா?" என்றேன்.

"பத்தே காலுக்கு எடுக்கணும்னு அதுலதான் எழுதியிருந்தேன்" என்றாள்.

நாங்கள் இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சிரித்து முடித்துப் பார்த்தால், அக்கா ஈரப்படியில் உட்கார்ந்திருந்தாள். கண்ணில் தண்ணீர். அருவித் துளியாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. எனக்கு இனி அங்கன என்ன வேல?" என்றாள்.

"என்னக்கா இப்படிச் சொல்லுத?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "காலேஜுலயும் நாந்தான் பிளான் போடுவேன். போட்டாத்தான் சேத்துக்கிடுவாங்க. ஒரு தடவ காய்ச்சல்ல கெடந்தேன், போட முடியல. எல்லாரும் எனக்குச் சொல்லாமலே போயிட்டாங்க. நல்லாத்தான் இருந்துச்சாம்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தத் தாளில் ராட்டினத்துக்கு நேரே கனி பெயரும் என் பெயரும் இருந்தன. அக்கா பெயருக்கு நேரே 'பை பிடித்தல்' என்று இருந்தது. மரணக்கிணறு, படகு, எல்லாவற்றுக்கும் அவளுக்குப் பைதான்.

கனி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "எந்திரிக்கா. உன் தாளுக்காகவா நாங்க வந்தோம்? உங்கூடதான வந்தோம்."

அதன்பிறகு நாங்கள் என்ன செய்தோம் என்பதற்கு எந்த வரிசையும் கிடையாது. மங்குஸ்தான் பழத்தை வாங்கிக் கை சிவக்கச் சிவக்க உரித்துத் தின்றோம். சாப்பாட்டுக்கு முன்பே டெல்லி அப்பளம் தின்றோம். மரணக்கிணற்றில் அக்கா பிளந்த வாயை மூட இருபது நிமிஷம் ஆனது. பிறகு மூன்று பேரும், மடியில் பைகளோடு, ராட்டினத்தில் ஏறினோம்.

எங்கள் பெட்டி உச்சிக்குப் போனதும் கரண்டு போனது.

அக்கா கம்பியை இறுக்கிப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். "எனக்கு ஒயரம்னா ஆவாதுட்டி. இறக்கி விடச் சொல்லு. ஏட்டி, ஆட்டாத!" கீழே நின்ற ராட்டினக்காரரை ஏழு தலைமுறைக்குத் திட்டினாள். சாரல் வேறு பிடித்துக்கொண்டது. கனி முதலில் சிரித்தாள். பிறகு பார்த்தால் அழுதுகொண்டிருந்தாள்.

"பயமா இருக்குக்கா" என்றாள்.

"உனக்குமா ஒயரம் ஆவாது?"

"ராட்டினத்துக்கு இல்ல. அந்த ஆள ரெண்டு தடவதான் பாத்திருக்கேன். அவ்வளவு தூரம். பாசையும் தெரியாது. போயி பிடிக்கலேன்னா நான் என்னக்கா செய்வேன்?"

அக்கா கண்ணைத் திறந்தாள். கம்பியை விட்டுவிட்டுக் கனியின் கையைப் பிடித்தாள். அந்த உயரத்தில் அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும்.

"போயிப் பாரு. நல்லவராத்தான் இருப்பாரு. இல்லேன்னு வையி, எனக்கு ஒரு போன் அடி. நான் வந்து கூட்டிட்டு வாரேன். எத்தன ரயிலு மாறணும், எங்கன எவ்வளவு நேரம் நிக்கும், எல்லாம் பாத்து வச்சிருக்கேன்."

"எப்பக்கா பாத்த?"

"உனக்கு நிச்சயம் ஆன அன்னைக்கே."

கனி அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். கால் மணி கழித்துக் கரண்டு வந்தது. பெட்டி கீழே வந்து நின்றதும் நாங்கள் இறங்கப்போனோம். அக்கா மட்டும் அசையாமல் உட்கார்ந்து, "அண்ணாச்சி, இன்னும் ரெண்டு சுத்து விடுங்க!" என்றாள்.

விடுதிக் கதவை ஏழரைக்கு அடைப்பார்கள். நேரம் கடந்து நாங்கள் போய்ச் சேரும்போது வார்டன் வாசலிலேயே நின்றார். "இப்ப மணி என்ன?"

"தெரியல மேடம். நான் பாக்கல" என்றாள் அக்கா.

வார்டன் பதறிப்போய் அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "காய்ச்சல் இல்லியே... போங்க, போயி மொதல்ல தலையத் துவட்டுங்க" என்று உள்ளே விட்டுவிட்டார்.

கனி இப்போது பஞ்சாபில் இரண்டு பிள்ளைகளையும் நல்ல மனுஷர் ஒருவரையும் இந்தியில் அதட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறாள். அக்கா அதே ஸ்கேன் சென்டரில் மேனேஜர். நான் சென்னைக்கு வந்துவிட்டேன்.

ஞாயிறு காலையில் அக்காவிடமிருந்து ஒரு மெசேஜ் வரும்: 'இன்னைக்கு என்ன பிளான்?' எனக்குத் தலைக்கு மேல் வேலை இருந்தாலும், 'ஒண்ணும் இல்லக்கா' என்றுதான் பதில் போடுவேன். அப்படிப் போட்டால்தான் அவள் போனில் கூப்பிடுவாள்.