அத்தானை இரண்டு முறை இடித்த வண்டி

ரூஜ், ஸ்காபரோ
செவ்வாய்க்கிழமை

என் அக்காவைக் கைப்பிடித்த நாள் முதல் நான் தகப்பன் ஸ்தானத்தில் வைத்திருக்கும் தியாகலிங்கம் அத்தான் அவர்களுக்கு,

நானும் கமலாம்பிகையும் நலம். உங்கள் நலம் விசாரிக்க எனக்கு வாயில்லை, அதைக் கெடுத்தவனே நான். ஞாயிறு தொடக்கம் நீங்கள் போன் எடுக்காதபடியால் எழுதுகிறேன்.

அத்தான், என் முழங்கால் நிலைமை உங்களுக்குத் தெரியும். நிற்கலாம், நடக்க முடியாது. ஒப்பரேசனுக்கு இன்னும் பதினான்கு மாதம் காத்திருக்கவேண்டும். கமலாம்பிகை விடியற்காலையில் வாவிக்கரையில் மற்றப் பெண்களோடு நடக்கப் போவாள், நான் காருக்குள் அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பேன். இரண்டு வருடமாக இதுதான் என் உத்தியோகம். ஒருநாள் என் காரைக் கடந்து ஒரு தலை நரைத்த மனிதர் இரண்டு சில்லுப் பூட்டிய ஒரு பலகைக்கு மேல் நின்றபடியே வழுக்கிக்கொண்டு போனார். கண்ணாடியை இறக்கிக் கூப்பிட்டேன். பெயர் மோகனசுந்தரம், சென்னைக்காரர். இப்படித் தானாகவே சமநிலை பிடிக்கும் மின்வண்டிக்காரர்கள் எட்டுப் பேர் சனிக்கிழமைகளில் யூனியன்வில்லில் ஒரு கார்த் தரிப்பிடத்தில் கூடுவார்களாம், வாருங்கள் என்றார்.

போனேன். அவர்கள் விலை பேசுவதைக் கேட்டால் கல்யாணச் சம்பந்தம் பேசுவது தோற்றுவிடும். "சார், பேட்டரி புதுசுன்னா ரெண்டாயிரம் வரைக்கும் குடுக்கலாம். கைப்பிடி இருக்கறதுதான் உங்களுக்கு சேஃப்" என்றார் மோகனசுந்தரம். தாதி வேலை செய்யும் கௌசி என்ற பிள்ளை விடவில்லை. "உது தேர் மாதிரி, அங்கிள். ஒற்றைச் சில்லை எடுங்கோ, அந்தக் காசுக்குப் புதுசே வரும்." "விழுந்தா முழங்கால் புதுசா வருமா?" என்றார் மோகனசுந்தரம். ஒருமணிநேரம் சண்டை. கடைசியில் ஆயிரத்து எண்ணூறு டொலருக்கு, ஒருவர் பாவித்த இரண்டு சில்லு வண்டியை, வீட்டில் சொல்லாமல் வாங்கினேன். கௌசிதான் பழக்கினாள். "முன்னால சரிஞ்சா ஓடும், பின்னால சரிஞ்சா நிக்கும். அவ்வளவுதான் அங்கிள்."

அவ்வளவுதான் இல்லை, அத்தான். மறுநாள் நான் வீட்டு வாசலில் ஓடிப் பழகும்போது நீங்கள் கோயிலிலிருந்து வெள்ளை வேட்டியோடு வந்து இறங்கினீர்கள். உங்களைக் கண்டதும் நாற்பது வருடப் பழக்கத்தில் கைப்பிடியை விட்டுக் கைகூப்பிக் குனிந்தேன். வண்டிக்கு மரியாதை தெரியாது, ஓடச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டது. "நில்லடா, நில்லடா!" என்று நீங்கள் கத்த, "மன்னியுங்கோ அத்தான்" என்று நான் இன்னும் குனிய, அது இன்னும் வேகமெடுத்தது. பின்னால் சரிந்தால் நின்றிருக்கும். ஆனால் உங்களுக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நான் எப்போது நின்றிருக்கிறேன்? நீங்கள் குப்பைத் தொட்டியோடு சேர்ந்து விழுந்தீர்கள். இரண்டாவது இடியும் வேண்டுமென்று செய்ததல்ல. வண்டியை விட்டு இறங்காமலே உங்களைத் தூக்கக் குனிந்துவிட்டேன். பக்கத்து வீட்டுக் கிளடிஸ் வந்திராவிட்டால் மூன்றாவதும் நடந்திருக்கும்.

நீங்கள் போனபிறகு கமலாம்பிகை ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "உது என்னத்துக்கு உங்களுக்கு?"

"உம்மோட நடக்க" என்றேன்.

உள்ளே போய்விட்டாள். அடுத்தநாள் விடிய சப்பாத்தும் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள். "வாங்கோ, மெதுவா வாங்கோ." அவள் நடந்தாள், நான் பக்கத்தில் உருண்டேன். பாதி வழியில், முன்னாலே பார்த்தபடி, "உங்கட ஒப்பரேசனை நினைச்சா எனக்கு நித்திரை வாறேல்லை" என்றாள். மற்றப் பெண்கள் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறாளாம், எனக்கு மட்டும் சொல்லவில்லை. காருக்குள் இருந்தவனுக்கு எப்படிச் சொல்லுவாள்? திரும்பி வந்ததும் கைப்பையை அவளிடம் குடுத்துப்போட்டு முகம் கழுவுற சாட்டில கொஞ்சநேரம் பாத்ரூமுக்குள்ள நிண்டனான், அத்தான்.

ஆனாலும் உங்கள் மனம் நோக எனக்கு ஒரு வண்டி வேண்டாம். விற்கப்போவதாக யூனியன்வில் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். நாளைக்கு ஒருவர் பார்க்க வருகிறார். இனி அதில் கால் வைப்பதில்லை, இது சத்தியம்.

உங்கள் இடுப்பு நோவு தீரவும், முழங்கைக் காயம் ஆறவும், என் போனை நீங்கள் எடுக்கவும் நாங்கள் கும்பிடும் தெய்வங்கள் எல்லாம் அருள்புரியட்டும். அக்காவுக்கு என் அன்பு.

என்றும் உங்களுக்குப் பணிந்த
இராஜரட்ணம்

பி.கு.: கடித உறையை ஒட்டுறதுக்கு முதல் அக்கா போனில் கூப்பிட்டா. "தம்பி, உன்ர அத்தான் ரெண்டு நாளா உந்த வண்டி வீடியோக்கள்தான் பாக்கிறார். தொண்ணூறு கிலோவை எது தாங்கும், என்ன விலை போகுது எண்டு உன்னட்டைக் கேக்கட்டாம். தான் கேட்டதெண்டு சொல்லவேண்டாமாம்" என்றா. ஆகவே மன்னிப்பை மட்டும் வைத்துக்கொண்டு மேலே உள்ள மற்றதையெல்லாம் மறந்துவிடுங்கள். நாளைக்கு வருபவரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை பத்து மணிக்குப் பிக்கரிங்கில் உங்கள் வீட்டுக்கு ஏற்ற வாறன், யூனியன்வில்லுக்குப் போவம். யார் என்ன சொன்னாலும் உட்காரக் கதிரை வைத்த மாடலை மட்டும் வாங்கிவிடாதீர்கள், அத்தான். அது வயதுபோன ஆட்களுக்கு.