கனத்த வண்டியும் இரண்டு புளியமரமும்

வடக்கனந்தல்,
27.9.87

மெட்ராசில் இருக்கும் மைத்துனர் நாராயணசாமி அவர்களுக்கு, அக்காள் புருஷன் ராஜாங்கம் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அக்காள் கொளஞ்சியம்மாளும் மகள் மணிமொழியும் நலம். அங்கு உங்கள் நலம் அறிய இப்போதைக்கு எனக்கு ஆசையில்லை.

மரியாதை இத்துடன் முடிந்தது. இனி நீ, வா, போதான்.

கள்ளக்குறிச்சிக் கடையில் இரண்டு மோட்டார் சைக்கிள் நின்றதே, ஞாபகம் இருக்கிறதா? ஒன்று தொண்ணூறு கிலோ, இன்னொன்று நூற்றறுபது. வெள்ளிமலையில் ஊர் ஊராகப் போய் மாட்டுக்கு ஊசி போடுகிற எனக்குச் சின்னதே போதும் என்று சாவியைக்கூட வாங்கிவிட்டேன். நீதான் அதைப் பிடுங்கி, "மாமா, மல ரோடு. கனம் ஜாஸ்தியா இருந்தாத்தான் வளைவுல நிக்கும். இது காத்துல பறந்துடும்" என்றாய். ஆபீசுக்குச் சைக்கிளில் போகிற உனக்கு மலையைப் பற்றி என்ன தெரியும்? மூன்றாம் நாளே ஓடையில் வண்டி என்மேல் சாய்ந்தது. ஊசிக்கு ஓட்டி வந்த மாட்டைக் கட்டிவிட்டு நாலு பேர் வந்து என்னைத் தூக்கினார்கள். அதையும் பொறுத்தேன்.

மணிமொழியின் நிச்சயதார்த்தத்தன்று காலை ஒரு மாட்டுக்கு அவசரமாக ஊசி போட்டுவிட்டு மலையிலிருந்து இறங்குகிறேன். பதினோரு மணிக்குள் தட்டு மாற்ற வேண்டும். திருநாவலூர் மாப்பிள்ளை வீட்டார் முதல் நாளே வந்துவிட்டார்கள். கச்சிராயபாளையம் தாண்டினால் ரோட்டில் வரிசையாகப் புளியமரம் வெட்டிப் போட்டிருக்கிறது, இடஒதுக்கீடு கேட்டு மறியல். அவர்கள் கேட்பது அவர்கள் பிள்ளைகளுக்கு. அதில் எனக்குச் சண்டை இல்லை. என் சண்டை உன்னோடு. மறியலில் இருந்த சின்னராசு நல்ல மனுசன், "பொண்ணு நிச்சயமா சார்? தூக்கி வுடறோம்" என்று எட்டு பேரோடு முதல் மரத்தைத் தாண்ட வைத்தான். ஒருவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டாவது மரம் இன்னும் பெரிசு. "சார், மரத்த வெட்னதுகூட இம்மாங் கஷ்டமில்ல. வண்டி இங்கயே குறுக்க கெடக்கட்டும், இன்னொரு மரம் வெட்ற வேல மிச்சம்" என்றான். அப்போது எங்கள் ஊர் கிறிஸ்துதாஸ் வாத்தியார் நான் கேட்ட அதே ரகச் சின்ன வண்டியில் வந்தார். அவரிடம் படித்த இரண்டு பேர் அதை ஆட்டுக்குட்டி மாதிரி தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். "ஏறுங்க, வூட்ல வுட்டுடறேன்" என்றார். ஏறியிருக்கலாம். ஏறவில்லை. நீ வாங்க வேண்டாமென்ற வண்டியில் பின்னால் உட்காருவதா என்ற வீம்பு. வாங்கிப் பன்னிரண்டே நாளான வண்டியை நடுரோட்டில் விட்டுப் போவதா என்ற பயம். வீடு மூன்று கிலோமீட்டர்தான், எங்கள் வீட்டு ரேடியோ செட் பாட்டு அங்கேயே கேட்டது. திடீரென்று பாட்டை நிறுத்தி நாதஸ்வர இசைத்தட்டு போட்டார்கள். நிச்சயம் முடிந்துவிட்டது என்று தெரிந்தது. மரத்தின்மேல் உட்கார்ந்து அழுதேன். எழுத வெட்கமாயிருக்கிறது, ஆனாலும் உனக்குத் தெரியட்டும்.

தட்டை வாங்கியது உன் அக்காள். கடைசியில் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வேர்த்து விறுவிறுத்து நடந்து வந்த என்னிடம், "இன்னாத்துக்கு வந்தீங்க? அந்த வண்டிக்கே தட்டு மாத்திக்கினு அங்கயே இருக்கறதுதானே" என்றாள். மணிமொழி என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மரங்களை எடுத்த பிறகுதான் வண்டி வீடு வந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை நீயே வந்து எடுத்துப் போ. விற்பாயோ, கடலில் தள்ளுவாயோ, எனக்கு அந்தச் சின்ன வண்டி வந்தாக வேண்டும். உன் பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். உனக்குக் கிடையாது.

இப்படிக்கு,
ராஜாங்கம்

பி.கு.: ஒட்டுவதற்குமுன் மணிமொழி இதை வாங்கிப் படித்தாள். பத்து நாள் கழித்து இப்போதுதான் என்னோடு பேசினாள். "எந்த வண்டியால நிச்சயத்துக்கு வராம போனீங்களோ, தை மாசம் அதே வண்டிலதான் என்ன மண்டபத்துக்குக் கூட்டிக்கினு போவணும்பா" என்றாள். ஆகையால் ஞாயிற்றுக்கிழமை வராதே. வண்டிமேல் யாரும் கை வைக்கக் கூடாது. தையில் கல்யாணத்துக்கு வரும்போது நல்ல சத்தமாக ஒரு ஹாரன் வாங்கி வா.