உருமால் துண்டும் அத்தானின் கறுப்புக் காரும்

துக்க வீட்டில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் மகனைப் போல ஆபத்தான பிராணி கிடையாது. அழுது முடித்திருப்பான், தூக்கம் வராது, சமையலை ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். கை மட்டும் அரித்துக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட கையால்தான் நான் எங்கள் அத்தானின் புதுக் காரை நாசமாக்கினேன்.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம், விக்கிரமசிங்கபுரத்தில் எங்கள் வீட்டில். காலையில் தாமிரபரணியில் முங்கிவிட்டு வந்ததும் உருமால் கட்டு நடந்தது. தகப்பனை இழந்த மகனுக்குச் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிவிடும் சடங்கு அது. ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டியதில் என் மொட்டைத் தலை தேர் மாதிரி ஆகிவிட்டது. பிறகு எல்லாவற்றையும் அவிழ்த்துக் கட்டிலில் குவித்துவிட்டுச் சாப்பிடப் போனோம்.

சாப்பாடு இறங்கவில்லை. காரணம், அத்தான். அக்காவைக் கட்டியபோது அவர் வாடகைக் கார் டிரைவர். "கண்டவன் வண்டிக்கு ஸ்டியரிங் பிடிக்கவனுக்குப் பேச்சப் பாரு" என்று அப்பா ஒரு கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். அதோடு அத்தான் எங்கள் வாசலை மிதிப்பதை நிறுத்திவிட்டார். அக்கா மட்டும் பஸ்ஸில் வந்து போவாள். அப்பாவைத் தூக்கிய அன்று தெருவில் நின்றுவிட்டுத் திரும்பியவர், இப்போது உடன்குடியிலிருந்து, சொந்தமாக வாங்கிய கறுப்புக் காரில், காரியத்துக்காக வந்திருந்தார். சாயங்காலம் அக்காவை அழைத்துக்கொண்டு கிளம்பினால் திரும்ப வருவாரா? அப்பாவும் இல்லாத வீட்டுக்கு அக்காவைத்தான் இனி விடுவாரா? அவரை எப்படியாவது குளிர வைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே தவிப்பு.

சாப்பிட்டுவிட்டு அத்தான் உள்ளே கண்ணயர்ந்தார். வாசலில் நின்ற காரில் உடன்குடித் தேரி மணல்மேட்டின் செம்மண் அப்பியிருந்தது. துடைத்து வைப்போம், எழுந்து பார்த்ததும் மனசு இளகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. (தோன்றியது பாருங்கள், அங்கேதான் சனி பிடித்தது.)

துண்டு விஷயத்தில் எனக்குக் கர்வம் அதிகம். அப்பா நூல் மில்லில் வேலை பார்த்தவர். துணியைத் தடவியே நூல் நம்பர் சொல்லும் குடும்பம் நாங்கள். கட்டிலில் கிடந்ததை ஒவ்வொன்றாக விரலால் நெருடிப் பார்த்தேன். மெத்தென்று இருந்ததையெல்லாம் தரமில்லை என்று ஒதுக்கினேன். கடைசியில் கஞ்சி மொடமொடப்போடு, ஜரிகைக் கரை போட்ட ஒன்று அகப்பட்டது. நல்ல காருக்கு நல்ல துண்டு. ஒரு வாளித் தண்ணீர்கூட ஊற்றாமல், மண்ணோடு சேர்த்து அழுத்தித் துடைத்தேன்.

மண் போனதும் பானெட் முழுக்க வட்ட வட்டமாகக் கீறல். பதறிப்போய் பைக்கை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்கு ஓடினேன்.

"அண்ணாச்சி, காருக்குப் போடுத பாலிஷ் இருக்கா?"

"பாலிஷா, காம்பவுண்டா தம்பி?"

"எது சீக்கிரம் வேலை செய்யும்?"

"காம்பவுண்டுதான். ஆனா அத பையத்தான்..."

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு அவர் சொன்னதைக் கேட்க எனக்கு நேரமில்லை. (காம்பவுண்டு பெயிண்டையே இழைத்து எடுத்துவிடும் என்பதைப் பிற்பாடு ஊரே கூடி எனக்குச் சொன்னது.)

சுடுகிற பானெட், அதே ஜரிகைத் துண்டு, முழு டப்பா. என் மொட்டைத் தலை அதில் பளிச்சென்று தெரிந்தால் வேலை முடிந்தது என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். ஆரம்பத்தில் கொஞ்சம் தெரிந்த தலை, தேய்க்கத் தேய்க்க மங்கியது. போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் பலமாகத் தேய்த்தேன். கடைசியில் தலையையே காணோம். பானெட் நடுவில் முறம் அகலத்துக்குக் கறுப்பு போய்ச் சாம்பல் நிறம்.

"மாப்ள, என்ன செய்யுத?"

பின்னால் அத்தான் நின்றார். அவருக்குப் பின்னால் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்தார்கள். பழைய சண்டை எல்லோருக்கும் தெரியும். அத்தான் அந்தச் சாம்பல் வட்டத்தின் மேல் கையை வைத்தார். அடிக்கப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. திறந்து பார்த்தால் அவர் அழுதுகொண்டிருந்தார். அப்பாவைத் தூக்கும்போதுகூட அழாத மனிதர்.

"மாமாவ ஒரு நாள் இதுல முன்சீட்டுல உக்கார வச்சு ஓட்டணும்னுதான் வாங்குனேன் மாப்ள. அவரு பாக்காமலே போயிட்டாரு. நீ என்னன்னா..."

அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா போனதிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசாதவள், அப்போது பேசினாள்.

"அழாதிய மருமவனே. அவரு இருந்தா மட்டும் சும்மாவா இருந்திருப்பாரு? 'ஏலே, அங்கன சரியாத் தேய்க்கல'ன்னு இவன் கையில இருந்து துண்டப் பிடுங்கி, மிச்சத்தையும் அவரே தேச்சிருப்பாரு."

முதலில் சிரித்தது அக்கா. பிறகு அத்தான், மூக்கைச் சிந்திக்கொண்டே. அப்புறம் வாசலே சிரித்தது. நான் மட்டும் துண்டும் கையுமாக நின்றேன்.

அதற்குப் பிறகு அத்தான் வராத பொங்கல் இல்லை. காரை விட்டு இறங்கும்போதே, "அத்தை, மாப்ளைய உள்ள போட்டுப் பூட்டுங்க, வண்டிய நிறுத்துதேன்" என்பார். அப்பா பேச்சு வந்தால் இன்றும் எங்கள் வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்வோம். உடனே யாராவது கார் கதையை எடுத்துவிடுவார்கள். போன திவசத்தன்றும் எடுத்தார்கள். சம்பந்தி வீட்டார் முன்னால், சமையல்காரர் முன்னால், நான் மறுபடியும் முட்டாளானேன். அம்மா சிரித்து முடிக்கும்வரை தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அதில் எனக்கு ஒரு சௌகரியம் உண்டு. கண் கலங்கினாலும், பாவம், அவமானத்தில் கலங்குகிறான் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.